ரிவால்வரில் சைலன்சர் மாட்ட முடியுமா?
ரஷியாவின் பழைய ராணுவத் துப்பாக்கி சொல்லும் கதை

சினிமாவில் இந்தக் காட்சியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். ஓட்டல் அறையின் கதவு மெல்லத் திறக்கும். கறுப்புக் கையுறை போட்ட ஒரு கை உள்ளே நீளும். கையில் ரிவால்வர். அதன் நுனியில் ஒரு சாண் நீளத்துக்குக் குழாய். 'புஸ்' என்று ஒரு சத்தம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் தலை சாய்ந்துவிடும். பக்கத்து அறையில் இருப்பவருக்கு ஒன்றுமே கேட்காது.

தமிழ்ப் படம், இந்திப் படம், இங்கிலீஷ் படம் எல்லாவற்றிலும் இந்த வில்லன் உண்டு. பார்த்துப் பார்த்து நமக்கும் பழகிவிட்டது. ஆனால் இந்தக் காட்சியில் இரண்டு பொய்கள் இருக்கின்றன.

முதல் பொய், சைலன்சர் மாட்டினால் துப்பாக்கி ஊமையாகிவிடும் என்பது.

இரண்டாவது பொய், எந்த ரிவால்வரில் வேண்டுமானாலும் சைலன்சர் மாட்டலாம் என்பது.

உலகத்தில் எத்தனையோ நாடுகள் எத்தனையோ விதமான ராணுவ ரிவால்வர்களைச் செய்தன. அவற்றில் சைலன்சருக்குக் கட்டுப்பட்டது என்று பெயர் வாங்கியது ஒன்றுதான். அது ரஷிய ராணுவத்தின் 'நகான்' ரிவால்வர். 1895-ம் ஆண்டு மாடல்.

அது எப்படி? மற்றவற்றால் முடியாதது அதனால் மட்டும் எப்படி முடிந்தது? அதைத் தெரிந்துகொள்ளும் முன் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

துப்பாக்கி வெடிக்கும்போது நம் காதில் விழுவது ஒரே சத்தம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது மூன்று சத்தங்களின் கூட்டு.

ஒன்று, விசையை இழுத்ததும் குதிரை போய் அடிக்கும் சத்தம். இரும்பில் இரும்பு மோதுகிற 'டக்'. இது சின்னச் சத்தம்.

இரண்டாவது, வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயுவின் சத்தம். குண்டைக் குழலுக்குள் தள்ளிக்கொண்டு வருவது இந்த வாயுதான். குண்டு வெளியே வந்ததும், அதுவரை அடைபட்டிருந்த சூடான வாயு ஒரே மூச்சில் பாய்ந்து வருகிறது. சோடா பாட்டிலைத் திறந்தால் 'டப்' என்று கேட்கிறதே, அதே சங்கதிதான். அழுத்தம் மட்டும் பல மடங்கு அதிகம்.

மூன்றாவது, குண்டு காற்றைக் கிழிக்கும் சத்தம். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். குண்டு இதைவிட வேகமாகப் போனால் சாட்டையைச் சொடுக்கியது போல 'படீர்' என்று வழியெல்லாம் கேட்கும். இந்தச் சத்தத்தை எந்தக் குழாயாலும் அடக்க முடியாது. ஏனென்றால் அது குழாயை விட்டு வெளியே போன பிறகுதான் பிறக்கிறது.

சைலன்சரால் அடக்க முடிவது இரண்டாவது சத்தத்தை மட்டுமே.

சைலன்சர் செய்யும் வேலை எளியது. பாய்ந்து வரும் வாயுவைச் சிறு சிறு அறைகளில் தடுத்து நிறுத்தி, விரியவிட்டு, ஆறவிட்டு, மெதுவாக வெளியே அனுப்புகிறது. ஸ்கூட்டரிலும் காரிலும் இருக்கும் சைலன்சர் என்ன செய்கிறதோ அதையே இதுவும் செய்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பது தற்செயல் அல்ல.

தந்தையும் மகனும்

ஹைரம் மாக்சிம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் பிறந்து, இங்கிலாந்தில் குடியேறியவர். 1884-ல் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். விசையை அழுத்திப் பிடித்தால் தானாகவே சுட்டுக்கொண்டிருக்கும் அந்தத் துப்பாக்கி, போர்களின் முகத்தையே மாற்றிவிட்டது. வாழ்நாள் முழுவதும் அந்த வெடிச் சத்தத்தின் பக்கத்திலேயே நின்றதால், கடைசிக் காலத்தில் அவருக்குக் காது கேட்காமல் போயிற்று.

அவருடைய மகன் ஹைரம் பெர்சி மாக்சிம். இவர் அமெரிக்காவிலேயே தங்கியவர். அப்பா உண்டாக்கிய சத்தத்தை அடக்க வழி தேடியது போல, துப்பாக்கிக்குச் சைலன்சர் கண்டுபிடித்தார்! 1909-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. கடைகளில் பகிரங்கமாக விற்றார்கள். பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு இல்லாமல் குறிபார்த்துச் சுடப் பழகலாம் என்று சொல்லி விற்றார்கள். பிறகு அவர் இதே தத்துவத்தை இயந்திரங்களின் இரைச்சலை அடக்கவும் பயன்படுத்தினார்.

நல்ல நோக்கத்தோடு வந்த சாமானைக் கெட்டவர்களும் வாங்கிக்கொண்டார்கள். 1934-ல் அமெரிக்க அரசு சைலன்சருக்கு 200 டாலர் வரி போட்டது. அந்தக் காலத்தில் அது ஒரு தொழிலாளிக்குப் பெரிய தொகை. அதோடு அங்கே பகிரங்க வியாபாரம் படுத்துவிட்டது.

எவ்வளவு குறையும்?

சைலன்சர் போட்டால் சத்தம் எவ்வளவு குறையும்? சத்தத்தை அளக்கும் அளவு டெசிபல். நாம் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபல். துப்பாக்கி வெடிப்பது 140-லிருந்து 160-க்கும் மேலே. நல்ல சைலன்சர் ஒன்று குறைப்பது சாதாரணமாக 20 முதல் 35 டெசிபல்.

நம் நாட்டில் 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசுக்குத் தடை உண்டு. 160-ல் 30-ஐக் கழித்தால் 130. அதாவது, சைலன்சர் போட்ட பல துப்பாக்கிகளின் சத்தம் தீபாவளி வெடிக்குச் சமம். 'புஸ்' என்று கேட்பது சினிமா ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்த்த சத்தம்!

அப்படியானால் எதற்குத்தான் சைலன்சர்? சுடுபவரின் காது தப்பும். எந்தத் திசையிலிருந்து சுட்டார்கள் என்று கண்டுபிடிப்பது கஷ்டமாகும். இரவில் நெருப்பு ஜுவாலை வெளியே தெரியாது. ராணுவம் விரும்பியது இவற்றைத்தான்.

ரிவால்வரில் உள்ள சந்து

இனி இரண்டாவது பொய்க்கு வருவோம்.

கைத்துப்பாக்கியில் இரண்டு ஜாதி. ஒன்று பிஸ்டல். தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றாக மேலே ஏறி, குழலின் பின்பக்கத்து அறைக்குள் போய் உட்காரும். பின்பக்கம் மூடியிருக்கும். சுட்டால் வாயுவுக்கு முன்வாசல் ஒன்றே வழி. அந்த வாசலில் சைலன்சரை மாட்டினால் வேலை நடக்கும். ஜேம்ஸ் பாண்டு கையில் இருப்பது இந்த ஜாதிதான்.

இன்னொன்று ரிவால்வர். இதில் தோட்டாக்கள் ஒரு உருளைக்குள் வட்டமாக இருக்கும். விசையை இழுக்க இழுக்க உருளை சுற்றும். ஒவ்வொரு தோட்டாவாகக் குழலுக்கு நேரே வந்து நிற்கும்.

உருளை சுற்ற வேண்டுமானால் அது குழலோடு ஒட்டியிருக்கக் கூடாது. நடுவே இடைவெளி வேண்டும். சின்ன இடைவெளிதான். அரை மில்லி மீட்டருக்கும் குறைவு. ஆனால் சுடும்போது அந்தச் சந்து வழியாக வாயு இரண்டு பக்கமும் பீறிட்டு வருகிறது. நெருப்பும் வரும், சத்தமும் வரும். விரலை அந்த இடத்தில் வைத்திருந்தால் விரலே போய்விடும்.

குக்கரின் மேலே வெயிட் போட்டிருந்து, மூடியில் ரப்பர் கேஸ்கட் போடாமல் விட்டால் என்ன ஆகும்? சுற்றுவட்டாரம் முழுவதும் ஆவி பீறிடும். சாதாரண ரிவால்வரில் சைலன்சர் மாட்டுவதும் அப்படித்தான். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதை!

பெல்ஜியத்தில் பிறந்தது

இந்தக் 'கேஸ்கட்' பிரச்சினைக்கு வழி தேடியவர்கள் பெல்ஜியம் நாட்டுக்காரர்கள். அங்கே லியேஜ் என்ற ஊர், துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்போனது. நமக்குச் சிவகாசி என்றால் பட்டாசு நினைவுக்கு வருவது போல, ஐரோப்பாவில் லியேஜ் என்றால் துப்பாக்கி.

அந்த ஊர்ச் சகோதரர்கள்தான் எமில் நகான், லியோன் நகான். ரஷியாவுக்கு இவர்கள் புதியவர்கள் அல்ல. 1891-ல் ரஷிய ராணுவம் எடுத்துக்கொண்ட புகழ்பெற்ற 'மோசின்-நகான்' ரைபிளின் பெயரிலும் இந்த நகான் இருக்கிறது.

வாயு கசியாத ரிவால்வர் என்ற எண்ணம் நகான் ஒருவருக்கு மட்டும் தோன்றியது அல்ல. அதே லியேஜில் ஆன்ரி பீப்பர் என்பவர் 1880-களிலேயே அப்படி ஒன்றைச் செய்து பார்த்தார். ஆனால் பெரிய ராணுவம் ஒன்றின் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் லியோன் நகான். 1895-ல் ஜார் மன்னரின் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. முதலில் பெல்ஜியத்தில் செய்து அனுப்பினார்கள். 1898 முதல் ரஷியாவின் துலா நகரத்து ஆயுத ஆலையில் செய்தார்கள்.

உருளை முன்னே நகர்கிறது

இதன் ரகசியம் என்ன?

குதிரையைப் பின்னால் இழுத்தவுடன் உருளை சுற்றுகிறது. அதோடு நிற்கவில்லை. முழு உருளையும் முன்னால் நகர்ந்து குழலோடு போய் ஒட்டிக்கொள்கிறது. இது முதல் பாதி.

மறு பாதி தோட்டாவில் இருக்கிறது. சாதாரணத் தோட்டாவில் பித்தளைக் கூட்டுக்கு வெளியே குண்டின் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நகான் தோட்டாவில் அப்படி இல்லை. குண்டு முழுவதும் கூட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். கூட்டின் வாய் மட்டும் குண்டைத் தாண்டி முன்னே நீண்டு, கொஞ்சம் குறுகியிருக்கும். உருளை முன்னே நகரும்போது இந்த வாய் குழலின் பின்பக்கத்துக்குள் நுழைந்து உட்காரும். சுட்டதும் பித்தளை விரிந்து சந்தை அடைத்துவிடும்.

குக்கருக்குக் கேஸ்கட் கிடைத்துவிட்டது! ஒவ்வொரு தோட்டாவும் தன் கேஸ்கட்டைத் தானே கொண்டுவருகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகான் இதைச் செய்தது சத்தத்தை அடக்குவதற்காக அல்ல. கசிந்து வீணாகும் வாயுவை மிச்சம் பிடித்தால் குண்டு கொஞ்சம் கூடுதல் வேகத்தில் போகும் என்பதே அவர் கணக்கு. வேகம் ஏதோ கொஞ்சம் கூடியது. அதற்குக் கொடுத்த விலைதான் அதிகம்.

உருளையைச் சுற்றவும் வேண்டும், முன்னே தள்ளவும் வேண்டும். இரண்டையும் விசையை இழுக்கும் ஒரு விரல் செய்ய வேண்டும். குதிரையைத் தனியே இழுத்து வைக்காமல் நேராக விசையை இழுத்தால் சுமார் 9 கிலோ பளுவை இழுக்கும் சக்தி வேண்டும். பாதிக் குடம் தண்ணீரை ஒற்றை விரலில் தூக்குவது மாதிரி! அப்புறம் குறி எங்கே தங்கும்?

சுட்ட பிறகும் தொல்லைதான். காலிக் கூடுகளை ஒரு கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்தித் தள்ள வேண்டும். புதுத் தோட்டாவையும் ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். மற்ற நாட்டு ரிவால்வர்கள் மடக்கித் திறந்தால் எல்லாக் கூடும் ஒரே தடவையில் விழும் காலத்தில் இது இப்படி இருந்தது. ஒரே ஆறுதல், மற்றவற்றில் ஆறு குண்டு, இதில் ஏழு.

ஜார் ராணுவத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதிகாரிகளுக்குக் கொடுத்த நகானில் விசையை இழுத்தாலே சுடும். சாதாரணச் சிப்பாய்களுக்குக் கொடுத்ததில் ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் குதிரையை இழுத்து வைக்க வேண்டும். சிப்பாயிடம் நல்லதைக் கொடுத்தால் தோட்டாவை வீணாக்கிவிடுவான் என்று மேலிடத்துக்குச் சந்தேகம்!

இத்தனை குறை இருந்தும் நகான் நீடித்தது. சேற்றிலும் பனியிலும் மக்கர் செய்யாது என்று பெயர் எடுத்தது. இரண்டாவது உலகப் போர் முடியும் வரை அதைச் செய்துகொண்டே இருந்தார்கள். ரஷிய மொழியில் எந்த ரிவால்வரையும் 'நகான்' என்றே சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

சத்தத்தை மறைக்க ஒரு லாரி

நகானின் சரித்திரத்தில் ரத்தக் கறை நிறைய உண்டு.

1918 ஜூலை 16-ந்தேதி நள்ளிரவு தாண்டிய நேரம். யெகாதெரின்பர்க் நகரத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தள அறையில், பதவி இழந்த ஜார் மன்னர் நிக்கோலஸ், மனைவி, நான்கு மகள்கள், நோயாளியான மகன், உடனிருந்த நான்கு பேர் ஆகியோரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள் கையில் இருந்த துப்பாக்கிகளில் நகானும் இருந்தது. ஜாரின் ராணுவத்துக்காக வாங்கிய துப்பாக்கி ஜாரின் குடும்பத்தையே முடித்தது.

அன்று சத்தம் வெளியே கேட்காமல் இருக்க அவர்கள் சைலன்சர் எதையும் மாட்டவில்லை. வாசலில் ஒரு லாரியின் என்ஜினை ஓடவிட்டார்கள் என்று சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மித்தின் சகோதரர்கள்

அதற்குப் பதினோரு ஆண்டு கழித்து, 1929-ல், சோவியத் நாட்டில் மித்தின் என்ற பெயருடைய சகோதரர்கள் நகானுக்குச் சைலன்சர் ஒன்றைப் பதிவு செய்தார்கள். 'பிராத்யா மித்தினி' என்றால் ரஷிய மொழியில் மித்தின் சகோதரர்கள். அதைச் சுருக்கி 'பிராமித்' என்று பெயர் வைத்தார்கள்.

ரஷிய ராணுவத்தின் கையில் இருந்த இந்தப் பழைய ரிவால்வர், சைலன்சருக்கு வேண்டிய எல்லா லட்சணத்தையும் கொண்டிருந்தது. சந்தில் வாயு கசியாது. குண்டின் வேகமும் ஒலியின் வேகத்துக்குக் கீழே. ஆகவே காற்றைக் கிழிக்கும் 'படீர்' சத்தம் இல்லை. காலிக் கூடு வெளியே தெறிப்பதும் இல்லை. பிஸ்டல் என்றால் சுட்ட இடத்தில் காலிக் கூடு கிடக்கும். ரிவால்வர் என்றால் அந்தத் தடயமும் கிடையாது.

பிராமித்தின் உள்ளே ரப்பர் அடைப்புகள் இருந்தன. குண்டு ரப்பரைத் துளைத்துக்கொண்டு போகும். பின்னால் வரும் வாயு தடைபட்டு மெதுவாக வெளியேறும். சுடச் சுட ரப்பர் தேய்ந்துவிடும். பிறகு மாற்ற வேண்டும். இரண்டாவது உலகப் போரில் வேவு பார்க்கப் போனவர்களும், ஜெர்மன் படைகளின் முதுகுப்பக்கத்தில் காட்டில் மறைந்திருந்து போராடிய கொரில்லாக்களும் பிராமித்தைப் பயன்படுத்தினார்கள். மோசின்-நகான் ரைபிளுக்கும் பிராமித் செய்தார்கள். ரைபிள் குண்டு ஒலியைவிட வேகமாகப் போகும் என்பதால், அதற்கு மருந்து குறைத்த தனித் தோட்டா தேவைப்பட்டது.

வாயுவை மிச்சம் பிடிக்க ஒரு பெல்ஜியக்காரர் செய்த ஏற்பாடு, அவர் நினைத்தே பார்க்காத ஒரு காரியத்துக்கு முப்பது ஆண்டுக்கு மேல் கழித்துப் பயன்பட்டது.

மற்றவர்கள் வேறு வழியில்

இங்கிலாந்துக்காரர்கள் ரிவால்வர் பக்கமே போகவில்லை. இரண்டாவது உலகப் போரில் ரகசியப் படைக்காக 'வெல்ராட்' என்ற கைத்துப்பாக்கியைச் செய்தார்கள். பார்த்தால் சைக்கிள் பம்பு மாதிரி இருக்கும். சைலன்சர் அதன் உடம்போடு சேர்ந்தது. ஒரு தடவை சுட்டால், கையால் திருகி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும்.

அமெரிக்கர்களுக்கு வியட்நாமில் ஒரு சிக்கல் வந்தது. வியட்காங் வீரர்கள் பூமிக்கடியில் சுரங்கம் தோண்டியிருந்தார்கள். உள்ளே தவழ்ந்து போகும் அமெரிக்கச் சிப்பாய் அந்தக் குறுகிய இடத்தில் ரிவால்வரைச் சுட்டால் அவன் காதே அடைத்துப் போகும். 1960-களின் கடைசியில் அவர்களுக்காக ஒரு தனி ரிவால்வர் செய்தார்கள். இதில் சைலன்சர் குழாயே இல்லை. தோட்டாவுக்குள்ளேயே ஒரு பிஸ்டன். அது ரவைகளை வெளியே தள்ளிவிட்டுத் தோட்டாவின் வாயிலேயே அடைத்துக்கொள்ளும். வாயு வெளியே வந்தால்தானே சத்தம்? பின்னாளில் ரஷியர்களும் இந்த வழியில் ரிவால்வர் செய்தார்கள்.

பழம்பொருள் பிரியர்களின் சண்டை

சோவியத் யூனியன் கலைந்தபின் கிடங்குகளில் தூங்கிய நகான்கள் மூட்டை மூட்டையாக அமெரிக்காவுக்கு விற்பனைக்குப் போயின. விலை சல்லிசு. அந்த நாட்டுச் சட்டப்படி அனுமதி வாங்கிச் சைலன்சர் மாட்டிப் பார்க்கும் ஆசையும் சிலருக்கு வந்தது.

இங்கேதான் பழம்பொருள் பிரியர்களுக்குள் சண்டை. நகானின் குழலில் மரை கிடையாது. குறிபார்க்கும் முள் குழலின் நுனியிலேயே இருக்கிறது. சைலன்சர் மாட்ட வேண்டுமென்றால் அந்த நுனியில் கைவைத்தாக வேண்டும். நூறு வருஷத்துச் சாமான் அது. மேலே துலா ஆலையின் முத்திரை, செய்த ஆண்டு, எண் எல்லாம் இருக்கும். ஒரு தடவை லேத்தில் ஏற்றி இறக்கினால் அந்தச் சரித்திரம் திரும்பாது. பாட்டி காலத்துக் குத்துவிளக்கை உருக்கிப் புது டம்ளர் வார்ப்பது போல என்று ஒரு கட்சி. ஆயிரக்கணக்கில் கிடக்கும் சாமானில் ஒன்று போனால் என்ன என்று இன்னொரு கட்சி.

தோட்டாவிலும் தகராறு உண்டு. நகானின் சொந்தத் தோட்டா எளிதில் கிடைக்காது. அதனால் சிலர் வேறு ரிவால்வரின் குட்டைத் தோட்டாவைப் போட்டுச் சுடுவார்கள். குட்டைத் தோட்டாவின் வாய் குழலுக்குள் எட்டாது. கேஸ்கட் போய்விட்டது! அப்புறம் எவ்வளவு செலவழித்துச் சைலன்சர் மாட்டினாலும் சத்தம் பக்கவாட்டில் வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆபத்து. குழலும் சைலன்சரும் நூல் பிடித்தாற்போல நேராக இல்லாவிட்டால், குண்டு சைலன்சரின் உள்ளே மோதும். அது எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

இது வரை படித்தது வெளிநாட்டுக் கதை. இனிமேல் வருவது நம் கதை.

இந்தியாவில் துப்பாக்கி பற்றிய சட்டம், 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதன் 2-வது பிரிவில் 'துப்பாக்கி' என்றால் எது எது என்று ஒரு விளக்கம் இருக்கிறது. சுடும் கருவி மட்டுமே துப்பாக்கி என்று நினைத்தால் தவறு. சுடும்போது வரும் சத்தத்தையோ ஒளியையோ குறைப்பதற்காகச் செய்த துணைக்கருவியும் துப்பாக்கி என்றே சட்டம் சொல்கிறது. துப்பாக்கியின் உதிரிப் பாகமும் துப்பாக்கி. அதைச் செய்யும் இயந்திரமும் துப்பாக்கி!

அதாவது, துப்பாக்கியே இல்லாமல் வெறும் சைலன்சர் குழாயைப் பெட்டியில் வைத்திருந்தாலும், லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்த குற்றம்தான்.

2019-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். லைசென்சு இல்லாமல் வைத்திருந்தால் 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை ஜெயில். லைசென்சு இல்லாமல் செய்தால், விற்றால், மாற்றி அமைத்தால், பழுது பார்த்தால் 7 ஆண்டுக்குக் குறையாத ஜெயில். ஆயுள் தண்டனை வரை போகலாம். அபராதமும் உண்டு.

வைத்திருப்பவனைவிடச் செய்து கொடுப்பவனுக்குத் தண்டனை அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

லேத் பட்டறைக்கு வரும் ஆள்

மும்பை, புனே, ஆமதாபாத், பெங்களூரு என்று எங்கே பார்த்தாலும் லேத் பட்டறைகளில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். டர்னர், ஃபிட்டர், வெல்டர். அளவு சொன்னால் நூலிழை பிசகாமல் செய்து கொடுப்பார்கள் என்று பெயர் வாங்கியவர்கள். அந்தக் கைநேர்த்தியைத் தேடித்தான் இந்த மாதிரி ஆட்களும் வருவார்கள்.

வருகிறவன் 'துப்பாக்கிக்குச் சைலன்சர்' என்று சொல்லிக்கொண்டு வரமாட்டான். பம்பு ஃபில்டர் என்பான். மோட்டார் சைக்கிள் பாகம் என்பான். மேல்வேலை நேரத்தில், முதலாளி இல்லாத சமயம் பார்த்து வருவான். வரைபடத்தில் கம்பெனி பெயர் இருக்காது. பில் வேண்டாம் என்பான். ஒரு நாள் கூலிக்கு மேல் அதிகமாக நீட்டுவான்.

சாமான் பிறகு எங்கேயாவது ஒரு வழக்கில் பிடிபடும். போலீஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு 'எங்கே கடைந்தது?' என்று கேட்கும். வந்தவன் பட்டறையைக் காட்டிவிட்டுப் போய்விடுவான். 'எனக்குத் தெரியாது, ஃபில்டர் என்றார்கள்' என்று நாம் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கோர்ட்டில் அதை நிரூபிப்பதற்குள் வேலை போயிருக்கும், வாடகை பாக்கி ஏறியிருக்கும், ஊருக்குப் போகும் மணியார்டர் நின்றிருக்கும். சொந்த ஊராக இருந்தால் ஜாமீனுக்கு மாமன் வருவார், மச்சான் வருவார். மொழி தெரியாத ஊரில் யார் வருவார்?

ஆகவே, எதற்கு என்று தெரியாத சாமானுக்கு மரை போடாதீர்கள். வேலை எதுவானாலும் வரைபடத்தோடு, பெயரோடு, பில்லோடு வரட்டும். வேலைச் சீட்டில் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் முதலாளியிடமோ மேஸ்திரியிடமோ சொல்லிவிடுங்கள். 'முடியாது' என்று சொல்வதால் ஒரு நாள் கூலி போகும். 'சரி' என்று சொன்னால் போவது ஏழு வருஷம்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டி

இன்னொரு வகை வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ராணுவத்தில் இருந்த தாத்தாவோ பெரியப்பாவோ இறந்தபின், ஊர் வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய ரிவால்வர் ஒன்று கிடைப்பது உண்டு. 'பழம்பொருள்தானே, சட்டம் ஒன்றும் செய்யாது' என்று சிலர் பரணில் போட்டு வைக்கிறார்கள்.

பழைய மாடல் ஆயுதத்துக்கும் பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதத்துக்கும் ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்குத் தருவது உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அது சுடவே முடியாத நிலையில் இருக்க வேண்டும். ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால் விலக்குக் கிடையாது. தாத்தாவுக்கு லைசென்சு இருந்திருக்கலாம். அது தாத்தாவோடு போயிற்று. வாரிசுக்குத் தானாக வராது.

அப்படிப்பட்ட சாமான் கிடைத்தால் தாமதம் செய்யாமல் அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். குடும்பச் சொத்தாக வைத்துக்கொள்ள விருப்பமானால் முறைப்படி லைசென்சுக்கு மனுப் போடலாம். ஊருக்குப் போகும் ரெயிலில் பையில் போட்டு எடுத்து வருவதோ, 'எண்ணெய் போட்டுத் தாப்பா' என்று தெரிந்த பட்டறையில் கொடுப்பதோ கூடவே கூடாது. முன்னது லைசென்சு இல்லாமல் கொண்டுபோன குற்றம். பின்னதில், பழுது பார்த்தவரும் மாட்டிக்கொள்வார்.

அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். பத்து வருஷம் கழித்து யாராவது விசாரித்து வந்தாலும், பதில் சொல்ல அந்த ஒரு காகிதம் போதும்.